பெரியம்மாவின் இடது கன்னம்

சண்டை விமான நிலையத்திலேயே ஆரம்பித்துவிட்டது. என் பையில் ஐந்து ஃபிலிம் சுருள்கள் இருந்தன. எக்ஸ்ரே பெட்டிக்குள் அனுப்ப வேண்டாம், கதிர் பட்டால் ஃபிலிம் மங்கிப்போகும், கையால் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டேன். அந்த அதிகாரி ஒரு டப்பாவை எடுத்துக் காதருகே வைத்துக் குலுக்கினார். பக்கத்தில் நின்றவரிடம் இந்தியில் ஏதோ சொல்ல, இருவரும் சிரித்தார்கள். வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற பெண்மணி தமிழில் சொன்னார்: "இதெல்லாம் இன்னும் விக்கிறாங்களான்னு கேக்கறாரு."

"விற்கிறார்கள், நான் வாங்குகிறேன், இவருக்கு எங்கே வலிக்கிறது?" என்றேன். நல்லவேளையாக அந்தப் பெண்மணி அதை இந்திக்குக் கொண்டுபோகவில்லை. பத்து நிமிட வாக்குவாதத்துக்குப் பிறகு கையால்தான் பார்த்தார்கள். இந்தியாவில் என் முதல் வெற்றி அது. அதன் பிறகு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

நான் ஸ்டெல்லா, கிள்ளான்காரி. மலேசியாவில் பிறந்து அங்கேயே கணக்கு டீச்சராக இருப்பவள். இருபது வருடமாக ஃபிலிம் கேமராவில் மட்டுமே படம் எடுக்கிறேன். துளை எவ்வளவு திறக்க வேண்டும், ஷட்டர் எவ்வளவு வேகம் போக வேண்டும், ஃபோகஸ் எங்கே நிற்க வேண்டும் எல்லாம் என் கையில்தான். ஆட்டோ என்று ஒரு பொத்தானே என் கேமராவில் கிடையாது. இதை யாரும் கேட்காமலே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிற ஆள் நான். போனில் எடுப்பது படமே இல்லை, அது போன் சொல்லும் பொய் என்று வீட்டில் பிரசங்கம் செய்வேன்.

அந்தப் பிரசங்கம்தான் என்னை இந்தப் பயணத்தில் தள்ளியது. அம்மாவின் அக்கா, புஷ்பம் பெரியம்மா, நாமக்கல்லுக்குப் பக்கத்தில் மகள் ரோஸி வீட்டில் இருக்கிறார். பதினொரு வருடமாக அக்காவும் தங்கையும் நேரில் பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் வீடியோவில் பேசுவதோடு சரி.

"அவ எனக்கு நாலு வயசு மூத்தவ. வீடியோவுல பார்த்தா என் மக மாதிரி இருக்கா. ஒரு சுருக்கம் இல்ல. என்னமோ மறைக்கிறாளுங்க" என்று அம்மா ஒரு நாள் பிடித்துக்கொண்டார். "நீ போய் உன் கேமராவுல எடுத்துட்டு வா. அதுலதான் பொய் சொல்ல முடியாதுன்னு சொல்வியே."

அம்மாவால் போக முடியாது. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். இது பெரியம்மாவுக்குத் தெரியாது. கடல் தாண்டி இருப்பவரை எதற்குக் கவலைப்படுத்த வேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. பள்ளி விடுமுறை வந்ததும் கிளம்பிவிட்டேன்.

சேலத்தில் இறங்கியபோது நல்ல பசி. பேருந்து நிலையத்துக்கு வெளியே தள்ளுவண்டியில் தட்டுவடை செட் சாப்பிட்டேன். இரண்டு சின்னத் தட்டுவடைகளுக்கு நடுவே துருவிய பீட்ரூட், கேரட், காரச் சட்னி. ஒரே வாயில் போட வேண்டும். நான் கடித்துச் சாப்பிட்டதால் பாதி என் சட்டையில் விழுந்தது. அதற்குக்கூடக் கோபப்பட முடியாத ருசி. எங்கள் ஊர்ப் பரோட்டாவான ரொட்டி சானாய்க்குக்கூட இந்த ருசி கிடையாது என்று ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் கேமராவில் ஒளி அளக்கும் மீட்டரின் பேட்டரி அங்கேயே செத்துப்போனது. கேமரா கடை என்று பலகை போட்ட கடைக்குள் போனால், என் கேமராவைக் கல்வெட்டைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். "ரோல் கேமராவுங்களா? அதுக்குச் சாமான் வெச்சு யாருங்க மேடம் விக்கிறது?" என்றார் கடைக்காரர். வாட்ச் கடையில் கேளுங்கள் என்று அனுப்பினார். வாட்ச் கடைக்காரர் கொடுத்த பேட்டரி உள்ளே ஆடியது. அதற்குக் காகிதம் மடித்து வையுங்கள் என்று யோசனை வேறு. வேண்டாம் ஐயா, என் கண்ணே எனக்கு மீட்டர் என்று நடையைக் கட்டினேன். அந்த வெயிலுக்கு மீட்டர் எதற்கு? கண் கூசினால் துளை எண் பதினாறு, நிழல் என்றால் ஐந்தரை. இருபது வருடப் பழக்கம் கைகொடுத்தது.

நாமக்கல் பேருந்தில் ஏறியதும் நடத்துனர் என் பையைப் பிடுங்காத குறையாக வாங்கினார். "மடியில வெச்சா பாரமா இருக்குமுங்கக்கா, குடுங்க" என்று சொல்லி டிரைவருக்குப் பக்கத்தில் இருந்த இன்ஜின் மூடிமேல் வைத்துவிட்டார். அது தோசைக்கல் சூட்டில் இருந்தது. சூடு ஃபிலிமுக்கு எமன். நான் போட்ட கூச்சலில் பேருந்தே திரும்பிப் பார்த்தது.

"உள்ளார என்னங்க, ஐஸ்கிரீமா?" என்று கேட்டார் பின் சீட்டுக்காரர்.

"ஃபிலிம்!"

"எந்தப் படமுங்க?"

 பையை மடியில் வைத்துக்கொண்டு ராசிபுரம் வரை யாரையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தேன்.

ராசிபுரத்தில் பேருந்து நின்றபோது ஜன்னலுக்குக் கீழே ஓர் அம்மா கொய்யா விற்றுக்கொண்டிருந்தார். உப்பு மிளகாய்த்தூள் தடவி நீட்டும் அந்தக் கை நன்றாக இருந்தது. கேட்டுவிட்டுத்தான் எடுத்தேன். எடுத்த அடுத்த நொடி, "காட்டுங்க" என்றார். இதில் காட்ட முடியாதம்மா என்றேன். அவர் நம்பவில்லை. ஜன்னலில் எம்பி கேமராவின் முதுகைப் பார்த்தார். அங்கே கறுப்புத் தோல்தான் இருந்தது.

"வரலீங்களே?"

"ஊருக்குப் போய்க் கழுவினால்தான் வரும்."

"அப்ப நான் எப்படிங்க பாக்கறது? என்னைய எடுத்துட்டு எனக்கே காட்டாம போறது என்ன நாயமுங்க?" என்றார். பேருந்து கிளம்பும் வரை அந்தக் கேள்வியை விடவில்லை. எனக்கு எரிச்சலாக வந்தது. எடுத்த உடனே பார்க்காவிட்டால் இந்தக் காலத்தில் யாருக்கும் உயிர் தரிக்காது போலிருக்கிறது.

ரோஸி பேருந்து நிறுத்தத்துக்கு ஸ்கூட்டரில் வந்திருந்தாள். என்னைவிட ஆறு வயது சின்னவள். வீடு வரை வாய் ஓயாமல் பேசினாள். ஒரு தடவைகூடப் பெரியம்மாவைப் பற்றிப் பேசவில்லை. வாசலில் வண்டியை நிறுத்திய பிறகுதான், "அக்கா, அம்மாவப் பாத்து எதுவும் கேட்டுராதீங்க" என்றாள்.

கேட்க என்ன இருக்கிறது, பார்த்தாலே தெரிந்தது. பெரியம்மாவின் முகம் இடது பக்கம் சரிந்திருந்தது. வாயின் இடது ஓரம் கீழே இழுத்திருந்தது. இடது கண் முழுதாக மூடாமல் நீர் வடிந்துகொண்டிருந்தது. "வா சாமி" என்று அவர் சொன்னபோது சொல் வலது பக்கமாக வந்தது. நான் அவரைக் கட்டிக்கொண்டேன். சந்தோஷத்தைவிடக் கோபம்தான் அதிகமாக இருந்தது.

முகவாதம். இரண்டு வருடம் முன்பு ஒரு காலையில் வாய் கொப்பளித்த தண்ணீர் தானாகக் கீழே ஒழுகியதாம். மருந்து, மின்சாரச் சிகிச்சை எல்லாம் பார்த்தும் இவ்வளவுதான் திரும்பியது. இரண்டு வருடம்! நூறு ஞாயிற்றுக்கிழமை! ஒவ்வொரு வாரமும் நானும் போனில் "நல்லாருக்கீங்களா பெரியம்மா" என்று கேட்டிருக்கிறேன்.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு முட்டைக் குழம்பு. நாமக்கல் முட்டை வேறு, சொல்ல வேண்டுமா? பெரியம்மா சுவரைப் பார்த்து உட்கார்ந்து, கையால் இடது கன்னத்தைத் தாங்கிக்கொண்டு மென்றார். நான் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டேன். ரோஸியை அடுப்படியில் மடக்கினேன்.

"என்னடி இது? எங்களை முட்டாளாக்கிட்டீங்களே!"

"நானா ஆக்குனேன்? அம்மாதான் சொல்லக் கூடாதுன்னுட்டாங்க. நீங்க அவங்களையே கேளுங்க, பார்க்கலாம்" என்றாள். அவளுக்கும் கோபம். கரண்டியைச் சட்டியில் போட்ட சத்தத்தில் தெரிந்தது.

நான் கேட்கவில்லை. கேட்பதைவிட மோசமானதைச் செய்தேன். மறுநாள் காலை பெரியம்மா பின்கட்டில் முறத்தை வைத்துக்கொண்டு சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். வேப்பமர நிழல், பக்கவாட்டு வெளிச்சம். சரிந்த கன்னத்தின் ஒவ்வொரு கோடும் தெரிந்தது. புதுச் சுருள் மாட்டி, கதவுக்குப் பின்னால் நின்று துளையை ஐந்தரையில் வைத்து, வேகத்தை இருநூற்றைம்பதில் வைத்து, நீர் வழியும் அந்த இடது கண்ணில் ஃபோகஸை நிறுத்தினேன். பதினைந்து படம். ஒவ்வொரு தடவையும் என் கேமரா தாழ்ப்பாள் போடுவதுபோல் 'டக்' என்றது. பெரியம்மா திரும்பவில்லை. உண்மையைப் பிடித்துவிட்டேன் என்று எனக்கு ஒரே பெருமிதம்.

உரித்து முடித்ததும் பெரியம்மா ரோஸியைக் கூப்பிட்டார். "ஸ்டூடியோவுல என் படம் ரெடியாயிருக்கும். ஸ்டெல்லாவையும் கூட்டிட்டுப் போய் வாங்கிட்டு வா. தங்கச்சிக்குக் குடுத்து உடறதுக்கு."

ஸ்டூடியோ கடைத்தெரு மாடியில் இருந்தது. முருகேசன் என்பவர் நடத்துகிறார். அறுபதை நெருங்கும் வயது, நெற்றி நிறையத் திருநீறு. கம்ப்யூட்டரைத் திருப்பிப் பெரியம்மா படத்தைக் காட்டினார்.  மயில்கழுத்து நிறத்தில் பட்டுச்சேலை. கழுத்தில் இரட்டை வடச் சங்கிலி. நிறம் நாலு மடங்கு வெளுப்பு. இடது கன்னம் வலது கன்னம் மாதிரியே நிமிர்ந்து நின்றது. நின்றது மட்டுமா? பெரியம்மாவுக்கு வலது கன்னத்தில் ஒரு மச்சம் உண்டு. படத்தில் இடது கன்னத்திலும் ஒரு மச்சம் இருந்தது. வலது பாதியை அப்படியே திருப்பி இடது பக்கம் ஒட்டியிருக்கிறார் மனிதர்!

"ரெண்டு மச்சம் இருக்கு" என்றேன்.

மூக்குக் கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார். "அட, ஆமாங்க. எந்தப் பக்கத்து மச்சமுங்க நெசம்?"

பொத்துக்கொண்டு வந்தது எனக்கு. இது படமா, இது யார் முகம், இப்படி ஒரு பொய்யைக் கடல் தாண்டிக் கொண்டுபோய் என் அம்மாவிடம் கொடுக்கச் சொல்கிறீர்களா, ஃபிலிம் காலத்தில் இந்த அக்கிரமம் உண்டா என்று மூச்சுவிடாமல் கேட்டேன். கீழே டீக்கடையில் இருந்தவர்கள் அண்ணாந்து பார்த்திருப்பார்கள்.

முருகேசன் கோபப்படவில்லை. மேசை இழுப்பறையிலிருந்து சீவித் தேய்ந்த ஒரு பென்சிலை எடுத்துக் காட்டினார். "அம்மிணி, ரோல் காலத்துல நெகட்டிவ் மேல இந்தப் பென்சில்லதானுங்க அம்மைத் தழும்ப மறைப்போம். எங்கப்பாரு எனக்கு மொதல்ல கத்துக் குடுத்ததே அதுதானுங்க, கேமரா அப்புறம். ஃபிலிம்ல பொய் இல்லீன்னு உங்களுக்கு யாருங்க சொன்னாங்க?"

யாரும் சொல்லவில்லை, நான்தான் ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். அதை அவரிடம் சொல்வேனா? "மச்சம் வலது பக்கம்" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன். படிக்கட்டில் ரோஸி சிரித்தாள். அவள் சிரித்தது இன்னும் ஆத்திரமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் காலைப் பூசை முடிந்து வந்ததும் வீடியோ அழைப்புக்கான வேலை தொடங்கியது. வேலை என்றுதான் சொல்ல வேண்டும். ரோஸி நாற்காலியைக் கிழக்கு ஜன்னலுக்குப் பக்கவாட்டில் போட்டாள். கால்கள் எங்கே நிற்க வேண்டும் என்று தரையில் சாக்பீஸ் கோடு இருந்தது. வலது கன்னத்தில் வெளிச்சம், இடது பக்கம் நிழல். வெளிச்சம் கூடுதல் என்று திரைச்சீலையை ஒரு சாண் இழுத்தாள். போனை அரிசி டின்மேல் பாட்டுப் புத்தகத்தைச் சாய்த்து நிறுத்தி, எட்டிப் பார்த்து, இரண்டு விரல்கடை பின்னால் தள்ளினாள். கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டுப் பத்து நிமிடம் ஆக வேண்டுமாம். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கடைசியில் போனில் முகத்தை வழவழப்பாக்கும் பொத்தானை அழுத்தினாள்.

நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். வெளிச்சம், தூரம், கோணம், நேரம். ஒன்றையாவது போனின் இஷ்டத்துக்கு விட்டாளா இவள்? எனக்கு அதைப் பாராட்ட மனம் வரவில்லை. வயிறுதான் எரிந்தது.

கிள்ளானில் அம்மா திரையில் வந்தார். வழக்கமாக அங்கே போனைப் பிடிப்பவள் நான். அன்று என் தம்பி பிடித்திருந்தான். அவன் எதையும் ஒழுங்காகப் பிடித்ததில்லை. "ஸ்டெல்லா ஒழுங்கா சாப்பிடுறாளா?" என்று கேட்டுக்கொண்டே அம்மா முன்னால் விழுந்த முடியை ஒதுக்கக் கையைத் தூக்கினார். சட்டையின் கை முழங்கை வரை வழுக்கி இறங்கியது. கயிறுபோல் புடைத்த நரம்பும் இரண்டு பிளாஸ்திரியும் திரை முழுக்கத் தெரிந்தன. ஒரு நொடிதான். அம்மா கையை இறக்கிவிட்டார்.

பெரியம்மா எதையும் பார்க்காதவர்போல் அங்கே மழை உண்டா என்று விசாரித்தார். இன்னும் இரண்டு வார்த்தை பேசினார். அவர் இடது கண்ணில் நீர் கட்டியதும் ரோஸி, "சித்தி, நெட்டு சரியில்ல" என்று அழைப்பைத் துண்டித்தாள். அதுவும் அவர்கள் வழக்கம்.

பெரியம்மா நாற்காலியோடு என் பக்கம் திரும்பினார். "அவ கையில என்ன?"

"ரத்தம் டெஸ்ட் எடுத்தாங்க பெரியம்மா."

"ரத்தம் எடுத்தா கை கயிறாட்டம் வீங்குமா? கான்வென்ட் ஆஸ்டல்ல முப்பது வருஷம் சமைச்சவடி நானு. அங்க ஒரு சிஸ்டருக்கு அதே கைதான் இருந்துச்சு. அவங்க வாரத்துக்கு ரெண்டு நாளு சேலத்துக்குப் போயி மிசினுல படுத்துட்டு வருவாங்க. நீ எங்கிட்டயே ஸ்டூடியோக்காரன் வேலை பாக்கறியா?"

நான் தரையிலிருந்த சாக்பீஸ் கோட்டைப் பார்த்தேன்.

"ஒரு வருஷமா முழுக்கை போட்டுட்டு வந்து உக்காருறா. அந்த வேகுற ஊருல எதுக்குடி முழுக்கைன்னு நானும் நெனச்சு நெனச்சுப் பார்த்தேன். போனைப் புடிக்கிறது நீதானே? அந்தக் கை தெரியாம புடிச்சதும் நீதானே?"

நான்தான். அம்மாவின் தோளுக்குக் கீழே திரை போகாமல் பிடிப்பேன். நாற்காலியைத் திருப்பிப் போடுவேன். லிப்ஸ்டிக்கூட நான்தான் போட்டுவிடுவேன். அதைப் பொய் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை.

"உன் கேமராவுல அவளை எடுத்திருக்கியா? அந்தக் கையோட?"

"இல்ல பெரியம்மா."

"ஏன்?"

 மனம் வரவில்லை என்பதுதான் பதில். அதைப் பெரியம்மாவே சொல்லிவிட்டார். "அவளை எடுக்க உனக்கு மனசு வரல. என்னைய மட்டும் கதவுக்குப் பின்னாடி நின்னு திருட்டுத்தனமா எடுப்ப. மூஞ்சிதான்டி எனக்குக் கோணல், காது நல்லாத்தான் கேக்குது. உங்கம்மா வெசனப்படுவாளேன்னு ரெண்டு வருஷமா இந்த நாக்காலியில உக்காந்து நான் படற பாடு உனக்குத் தெரியுமா? ஏரோப்பிளேன் ஏறி வந்து என் மூஞ்சியக் காட்டிக் குடுக்கப் பாக்கறியே, உனக்கு யாரு உரிமை குடுத்தா?"

அவர் அழவில்லை. ஆனால் இடது கண் தானாக ஒழுகிக்கொண்டே இருந்தது. நான்தான் அழுதேன். கேமராவை எடுத்து வந்து அவர் மடியில் வைத்தேன். "இந்த மூடியைத் திறந்தால் போதும் பெரியம்மா. வெளிச்சம் பட்டு எல்லாம் அழிஞ்சுடும். நீங்களே திறங்க."

பெரியம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல இன்னும் எத்தனை பாக்கி இருக்கு?"

முப்பத்தாறில் பதினைந்து எடுத்திருந்தேன், எனக்கு எண் மறக்காது. இந்தச் சுருளில் பெரியம்மாவைத் தவிர வேறு யாரும் இல்லை. "இருபத்தொண்ணு."

"பாதிய மட்டும் கழுவ முடியுமா?"

"முடியாது. கழுவினால் மொத்தமாத்தான்."

பெரியம்மா கேமராவை என் கையில் திருப்பிக் கொடுத்தார். பிறகு நாற்காலியைச் சாக்பீஸ் கோட்டிலிருந்து தள்ளி, இடது கன்னம் ஜன்னலைப் பார்க்கும்படி உட்கார்ந்தார். ரோஸி அடுப்படி வாசலில் அசையாமல் நின்றாள். "இப்ப எடு. எங்கிட்டக் கேட்டு எடு. மிச்சத்துல அவளை எடு, அந்தக் கையோட. ரெண்டு பேரும் ஒரே ரோல்ல இருக்கோணும். அவ மாட்டேன்னா இதக் கழுவவே கூடாது. சத்தியம் பண்ணு."

"எடுக்கட்டுமா பெரியம்மா?" என்று கேட்டேன். வாழ்க்கையில் முதல் முறையாக அவர் முகத்தைக் கேட்டு எடுத்தேன். சத்தியமும் செய்தேன்.

மறுநாள் கிளம்பும்போது ஸ்டூடியோ படம் சுவரோரம் சாய்ந்திருந்தது. ஒற்றை மச்சத்தோடு. நான் அதைப் பார்ப்பதைப் பெரியம்மா பார்த்துவிட்டார். "அது உங்கம்மாவுக்கு வேண்டாம். நான் போனப்புறம் இங்க மாட்டறதுக்கு. அதுல நான் சங்கிலி போட்டுட்டு அழகாத்தான் இருப்பேன். நீ அதுல தலையிடாத" என்றார். நான் தலையிடவில்லை.

கிள்ளானில் அம்மா கேட்ட முதல் கேள்வி, "படம் எங்க?" பெரியம்மாவின் நிபந்தனையைச் சொன்னேன். அம்மா என்னைத் திட்டினார், தம்பியைத் திட்டினார், போனைக் கண்டுபிடித்தவனைத் திட்டினார். "என் கையை அவளுக்கு எதுக்குடி காட்டணும்? அவ தூங்குவாளா?" பிறகு குரல் இறங்கியது. "அப்போ அவளுக்கு என்ன?" நான் சொல்லவில்லை. ரோலில் இருக்கிறது என்று மட்டும் சொன்னேன். இரண்டு நாள் அம்மா என்னோடு பேசவில்லை.

வெள்ளிக்கிழமை டயாலிசிஸ் மையத்தில், நர்ஸ் ஊசிகளைக் குத்திவிட்டு நகர்ந்ததும், "கேமரா வெச்சிருக்கியா?" என்றார் அம்மா. வைத்திருந்தேன். டியூப்லைட் வெளிச்சம், துளையை முழுதாகத் திறந்து, வேகத்தை அறுபதுக்குக் குறைத்தேன். 

"சிரிக்கணுமா?"

"வேண்டாம்மா."

"அவ சிரிச்சாளா?"

"சிரிச்சாங்க. பாதிதான் வந்துச்சு."

அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.  மறு கையால் போர்வையை மெல்ல விலக்கினார். சிவப்புக் குழாய்கள் நுழைந்திருந்த அந்தக் கை முழுதாக வெளியே வந்தது.

"ஃபோகஸைக் கையில வை, மூஞ்சியில வேண்டாம்" என்றார். "எங்கக்கா அதைத்தானே கேட்டா."